ஏரி ஏன் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கிறது?

போன டிசம்பரில் ஒருநாள் காலை, ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாட்டர்கலர் போட்டுக்கொண்டிருந்தேன். படகுத்துறை இன்னும் திறக்கவில்லை. கயிற்றில் கட்டியிருந்த மிதிபடகுகள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டிருந்தன. பஜ்ஜிக் கடைக்காரர் அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்தார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, படத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, ஏரி பச்சையாத்தானே இருக்குது? நீங்க ஏன் கத்திரிப்பூ கலர் அடிச்சிருக்கீங்க? மரமெல்லாம் வேற சாஞ்சு கிடக்குது."

"எனக்கு அப்படித் தோணுச்சு கண்ணு" என்றேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு பஜ்ஜிக் கடைப்பக்கம் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. தோன்றியதையெல்லாம் பூசிவைப்பதற்குப் பெயர் ஓவியம் என்றால், அதைக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்காது. இப்படி வரைவதற்கு ஒரு முறை இருக்கிறது, நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. எக்ஸ்பிரஷனிசம் என்பார்கள். வெளிப்பாட்டியம் என்று தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு. அன்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கூத்திலிருந்து தொடங்குவது எளிது. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் முகத்தில் சிவப்பு அப்பியிருக்கும். கிரீடமும் புஜக்கட்டையுமாக அவன் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது, எந்த மனுசனுக்காவது மூஞ்சி இப்படிச் சிவந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சிவப்பு அவனுடைய ஆங்காரம் என்பது முன்வரிசையில் தூங்கி வழியும் குழந்தைக்குக்கூடத் தெரியும். துரியோதனன் முகத்துக்கு நாம் கொடுக்கும் அந்த உரிமையை ஓர் ஏரிக்கும் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்பிரஷனிச நிலக்காட்சி என்பது அவ்வளவுதான்.

ஏற்காடு ஏரியை மூன்று பேர் வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் உள்ளதை உள்ளபடி வரைகிறவர். எதிர்க்கரையில் எத்தனை மரம், படகுத்துறைக் கூரை என்ன சாய்வு என்று அளந்து அளந்து போடுவார். அவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாமவர் இம்ப்ரெஷனிஸ்ட். அவருக்கு மரத்தைவிட அதன்மேல் விழும் வெளிச்சம் முக்கியம். 1872இல் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் காலைப் பனிக்குள் மிதந்த ஆரஞ்சுச் சூரியனை குளோத் மோனே வரைந்தார். 1874இல் பாரிசில் அது காட்சிக்கு வந்தபோது, அதன் தலைப்பிலிருந்துதான் இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே பிறந்தது. இந்த நொடியில் என் கண்ணில் என்ன படுகிறது என்பது அவருடைய கேள்வி. மூன்றாமவர்தான் எக்ஸ்பிரஷனிஸ்ட். இந்த ஏரி என்னை என்ன செய்தது என்று அவர் கேட்பார். கண்ணில் பட்டது ஒன்று, மனசில் தைத்தது இன்னொன்று என்று வரும்போது, அவர் தைத்ததன் பக்கம் நிற்பார்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893இல் வரைந்த 'அலறல்' படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். காதைப் பொத்திக்கொண்டு வாய் திறந்து நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதுவும் ஒரு நீர்க்கரைக் காட்சி என்பது மறந்துபோகிறது. நண்பர்கள் இருவரோடு நடந்துபோன ஒரு மாலையில் வானம் திடீரென ரத்தச் சிவப்பாக மாறியதையும், தான் நடுங்கி நின்றுவிட்டதையும் மூங்க் எழுதிவைத்திருக்கிறார். படத்தில் வானமும் நீரும் கரையும் அந்த நடுக்கத்திலேயே வளைந்து வளைந்து ஓடுகின்றன. அந்த உருவத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அலறல் கேட்கும்.

மூங்கும் டச்சு ஓவியர் வான் கோவும் திறந்த வழியில் ஒரு கூட்டமாக வந்து நின்றவர்கள் ஜெர்மனி இளைஞர்கள். 1905 ஜூன் 7 அன்று டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரோட்லுஃப், பிளைல் என்ற நான்கு கட்டடக்கலை மாணவர்கள் 'பாலம்' என்று பொருள்படும் 'டி ப்ரூக்க' குழுவைத் தொடங்கினார்கள். 1909 முதல் சில கோடைக்காலங்களில் அவர்களில் சிலர் ஊருக்கு வெளியே இருந்த மோரிட்ஸ்பர்க் ஏரிகளுக்குப் போய் வரைந்தார்கள். அவர்களிடம் ஒரு பயிற்சி இருந்தது. மாடலாக நிற்பவர் 15 நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் நிற்கக் கூடாது, அதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். நேரம் கொடுத்தால் கை தானாகப் பள்ளிக்கூடப் பாடத்துக்குத் திரும்பிவிடும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். மியூனிக் பக்கம் வேறொரு கூட்டம். ஸ்டாஃபெல் ஏரியை ஒட்டிய முர்னாவ் என்ற சிற்றூரில் கப்ரியேல மூன்ட்டர் என்ற ஓவியர் 1909இல் ஒரு வீடு வாங்கினார். அவரும் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியும் அந்த ஊரையும் மலைகளையும் அடர்ந்த நீலத்திலும் மஞ்சளிலும் வரைந்து தள்ளினார்கள். 1911இல் காண்டின்ஸ்கியும் ஃப்ரான்ஸ் மார்க்கும் 'நீலக் குதிரைவீரன்' குழுவைத் தொடங்கினார்கள்.

இவ்வளவு பெயர்களும் நினைவில் நிற்க வேண்டியதில்லை. வாட்டர்கலரில் எக்ஸ்பிரஷனிசம் என்றால் என்ன என்று அறிய ஒரே ஒருவரைப் பார்க்க முடியுமென்றால், எமில் நோல்டேயைப் பாருங்கள். 1867இல் பிறந்தவர். 'பாலம்' குழுவில் 1906இல் சேர்ந்து, அடுத்த ஆண்டே விலகிவிட்டார். நீரை உறிஞ்சும் ஜப்பானியத் தாளை நனைத்து, நிறத்தை அதற்குள் ஊறவிட்டு அவர் போட்ட கடல்களையும் சதுப்பு நிலங்களையும் பார்த்தால், வானம் தாளின் உள்ளிருந்து கசிந்து வந்ததுபோல இருக்கும். அந்த மனிதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் நாஜிக் கட்சி உறுப்பினர், யூதர்கள் மீது வெறுப்புக் கொண்டவர். அதே நாஜி அரசுதான் அவருடைய 1,000க்கும் மேற்பட்ட படைப்புகளை அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்தது, 1937இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு நடத்திய கண்காட்சியில் அவர் படங்களையும் தொங்கவிட்டது. உணர்ச்சியைத் தாளில் கொட்டத் தெரிந்தவர் எல்லோரும் நல்லவராகத்தான் இருப்பார் என்று நான் ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். நோல்டேயைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. படங்களை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தியாவுக்கும் இது சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஒரு கண்காட்சியில் காண்டின்ஸ்கி, பால் கிளே போன்றோரின் படங்கள் வைக்கப்பட்டன. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் போட்ட வாட்டர்கலர் நிலக்காட்சிகளில் தூரிகை ஓடும் வேகம் நமக்கு மிக நெருக்கமானது. அந்த மண், அந்த வெயில், அந்தப் பனைமரம் எல்லாம் நம்முடையவைதாமே.

இனி தண்ணீருக்கு வருவோம். எண்ணெய் வண்ணத்திலும் இதைச் செய்யலாம், நிறையப் பேர் செய்தும் இருக்கிறார்கள். ஆனாலும் ஏரி, பனி, மழை என்று வரும்போது என் மனசு வாட்டர்கலரைத்தான் கேட்கும். வாட்டர்கலர் என்பது நிறப்பொடியும் வேலமரத்துப் பிசினும்தான். அதைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் விடுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், பிசின் பொடியைத் தாளோடு ஒட்டிவைக்கும். வண்ணம் கண்ணாடிபோல மெல்லியதாக இருப்பதால் அடியிலுள்ள தாளின் வெண்மை ஊடாகத் தெரிகிறது. அதனால் வெள்ளை வேண்டிய இடத்தில் ஒன்றும் பூசாமல் விட்டுவிட வேண்டும். பனிமூட்டம் வரைவது என்றால் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. கற்றுக்கொள்ளும்போது எனக்கு மிகக் கடினமாக இருந்ததும் இதுதான்.

நனைந்த தாளில் நனைந்த தூரிகையை வைத்தால் நிறம் தன்பாட்டுக்கு ஓடும். எவ்வளவு ஓடும் என்பது தாளின் ஈரத்தைப் பொறுத்தது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் தேங்கிப் பளபளத்தால், வைத்த நிறம் கரைந்து காணாமல் போகும். பளபளப்பு அடங்கி மினுமினுப்பாக மாறும் சமயம், ஓரங்கள் மட்டும் மெத்தென்று விரியும். தூரத்துச் சோலையைப் பனிக்குள் நிறுத்த அதுதான் நேரம். மினுமினுப்பும் போய் தாள் தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும்போது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால்கூடப் போதும். அந்தச் சொட்டு பாதி காய்ந்த நிறத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் விளிம்புபோல ஒரு கறையை உண்டாக்கும். சில ஆசிரியர்கள் அதைத் தவறு என்பார்கள். எக்ஸ்பிரஷனிச வழியில் வரைகிறவர், அந்தக் கறை படத்துக்குள் என்ன சொல்கிறது என்று பார்த்து, வேண்டுமென்றால் வைத்துக்கொள்வார். என் படத்தில் நீரின் நடுவே அப்படி ஒன்று விழுந்தது. எதிர்பாராமல் வந்ததுதான், ஆனால் ஏரிக்குள் யாரோ மூச்சு விட்டதுபோல இருந்ததால் விட்டுவிட்டேன்.

இடத்தின் காற்றும் இதில் சேரும். சித்திரை வெயிலில் மலைக்குக் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தால், வானத்தைப் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசிய மூலை காய்ந்துவிடும். அங்கே எல்லா விளிம்பும் கத்தி வெட்டாக வரும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போனால், பனி இறங்கிய காலையில் அதே தாள் காயவே காயாது. மலைக்கு மேலே மெத்தென்ற படங்களும் கீழே கூர்மையான படங்களும் எனக்கு வருகின்றன என்றால், அதில் பாதிக்குமேல் காற்றின் ஈரப்பதம் செய்யும் வேலை.

நிறப்பொடிகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. அல்ட்ராமரீன் நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வெள்ளை வேட்டிக்குப் போட வாங்கிய நீலப்பொடி இதே பொருள்தான். அதன் துகள்கள் சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் போய்ப் படிந்துகொள்ளும், காய்ந்ததும் மணல் மணலாகத் தெரியும். அதோடு செங்கல் நிறமான பர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் ஒரு சாம்பல் கிடைக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பனிக்கு அதைவிடப் பொருத்தமான நிறத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதே நீலத்தில் கிரிம்சன் சிவப்பைச் சேர்த்ததுதான் மருமகள் கேட்ட கத்திரிப்பூ நிறம்.

ஏன் அந்த நிறம்? என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், இந்த மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். கார்த்திகை மார்கழியில்தான் பழம் சிவக்கும், அப்போதுதான் பள்ளி விடுமுறையில் நானும் மேலே வருவேன். விடிகாலையில் கூடையைக் கட்டிக்கொண்டு லைன் வீட்டு வாசலில் நிற்கும் அம்மாயியின் உதடு குளிரில் ஊதாவாக இருக்கும். "போய்ப் படுறா சாமி" என்று அந்த உதடு சொல்வது வெறும் ஆவியாகத்தான் எனக்குத் தெரியும். டிசம்பர் காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் காது வலிக்க அடித்த குளிர், அந்த உதட்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. பச்சையைக் கலக்கக் கை போகவில்லை. சில்வர் ஓக் மரங்களைச் சாய்த்து வரைந்ததும் அதனால்தான். நிமிர்ந்து நிற்கும் அந்த மரங்களுக்கு நடுவே, முதுகில் கூடையோடு குனிந்து நடந்தவர்களின் சாய்வு அது. அன்று என் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் "தோணுச்சு" என்றேன்.

இந்தக் கதை தெரியாதவர் படத்தைப் பார்த்தால் அம்மாயியைக் காண மாட்டார். காண வேண்டியதும் இல்லை. அவருக்குக் குளிர வேண்டும், ஏதோ ஒன்று தொலைந்துபோன உணர்வு வர வேண்டும். அது நேர்ந்தால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதைச் செய்ய உணர்ச்சி மட்டும் போதாது. தொடக்கத்தில் நான் நிறையத் தாள்களை வீணாக்கியது இதை அறியாமல்தான்.

நிறத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் எது வெளிச்சம், எது இருள் என்ற வரிசையைக் குலைத்தால் ஏரி ஏரியாக நிற்காது. வானம் எவ்வளவு வெளுப்பு, நீர் அதைவிட எவ்வளவு அடர்த்தி, மரம் அதைவிட எவ்வளவு கறுப்பு என்ற கணக்கு சரியாக இருந்தால், ஏரி ஊதாவானாலும் சிவப்பானாலும் கண் ஒப்புக்கொள்ளும். படத்தை போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நீரில் விழும் நிழலுருவத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அடர்ந்த மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிறியிருக்கும், வெளிறிய பொருளின் பிம்பம் சற்று அடர்ந்திருக்கும். என் படத்தில் மரங்கள் அரக்குச் சிவப்பு, நீர் ஊதா, வானம் வெறும் தாள். நிறமெல்லாம் பொய். இந்த ஒழுங்கை மட்டும் மீறவில்லை.

அடுத்தது, பக்கத்து நிறம். இளம்பிள்ளைத் தறியில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலையை வெயிலில் அசைத்துப் பாருங்கள். இரண்டு நூலும் தனித்தனியே இருந்தால் சாதாரண நிறங்கள், சேர்ந்ததும் ஒன்றையொன்று உசுப்பிவிடுகின்றன. ஓவியத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான நிறங்கள் மூன்று சோடி உண்டு: நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை, ஊதாவுக்கு மஞ்சள். எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் துடிக்கும். அன்று எனக்கு நேரெதிரே மிதந்த படகின் நிறம் சிவப்பு. அதை நான் மஞ்சளாக்கினேன், அதுவும் நகக்கண் அளவுக்கு ஒரே ஒரு தீற்று. அந்த மஞ்சள் இல்லாவிட்டால் அவ்வளவு ஊதாவும் செத்துக் கிடந்திருக்கும். எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயரில் எல்லா நிறத்தையும் ஒரே தாளில் கத்தவிடும் படங்களை நிறையப் பார்க்கிறேன். அவை எனக்குப் பிடிப்பதில்லை. எல்லோரும் கத்தினால் யார் அழுகிறார்கள் என்று தெரிவதில்லை.

தமிழில் படித்தவர்களுக்கு இங்கே திணை நினைவுக்கு வந்திருக்கும். மலையென்றால் கூடல், கடற்கரையென்றால் இரங்கல் என்று நிலத்தையும் உணர்வையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது நம் மரபு. நிலம் வெறும் பின்புலமாக இருக்காது என்ற அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்றால், குறிஞ்சிக்கு என்ன உணர்வு என்பது கவிஞனுக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. எக்ஸ்பிரஷனிஸ்டுக்கு அப்படிப் பொது அகராதி எதுவும் கிடையாது. ஊதா என்றால் குளிர் என்று அவர் அந்த ஒரு தாளுக்குள்ளேயே நம்மை நம்பவைக்க வேண்டும். அடுத்த தாளில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வரைந்து பார்க்க ஆசை இருந்தால் ஏற்காடு வரை போகவேண்டும் என்றில்லை. சேலத்திலேயே, கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து சேரும் ஏரி, நடுவே பறவைகள் அடையும் மண்திட்டுகள், பின்னால் சேர்வராயன். காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள், 12ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, கேம்லின் ட்யூப் மூன்று நான்கு, ஒரு பழைய துணி, இரண்டு பாத்திரம் தண்ணீர் போதும். மெல்லிய தாள் வேண்டாம், நனைத்ததும் அப்பளம்போலச் சுருண்டுகொள்ளும்.

போனதும் தூரிகையைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு இந்த இடம் என்னை என்ன செய்கிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். 'அழகு' என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அந்தச் சொல்லிலிருந்து எந்த நிறமும் பிறக்காது. 'அழுத்துது', 'கூப்பிடுது', 'ஒதுங்கச் சொல்லுது' என்பதுபோல ஒரு வினைச்சொல் வந்தால் நல்லது. அழுத்துகிறது என்றால் வானத்தைப் பெரிதாக்கி ஏரியை அடியில் ஒரு பட்டையாக நசுக்கலாம். கூப்பிடுகிறது என்றால் கரையோரக் கோடுகளை எல்லாம் ஒரே இடத்துக்கு ஓடவிடலாம். அந்தச் சொல்லுக்கு உதவாததை எல்லாம் விட்டுவிடுங்கள்: மின்கம்பி, ஓட்டல் போர்டு, எண்ணிக்கைக்காக நிற்கும் மரங்கள். பெரிய தாளுக்குப் போகும் முன் தீப்பெட்டி அளவில் நாலைந்து கட்டம் போட்டு, பென்சிலில் கறுப்பு வெள்ளையை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். நிறத்தை நினைத்ததைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கலக்குங்கள், வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறிவிடும். தூரிகையை வைத்தபின் கால்மணி நேரத்தில் முடித்துவிடப் பாருங்கள்.

அன்று மத்தியானம் மருமகளும் ஒரு தாள் கேட்டாள். கொடுத்தேன். பனி விலகி வெயில் வந்து, ஏரி இலைப்பச்சையாக மின்னியது, படகுகள் எல்லாம் தண்ணீரில் இருந்தன. அவள் முக்கால் தாளைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினாள். அடர்ந்த நீலத்தின்மேல் நீலம், அதன்மேல் பழுப்பு. நடுவில் மட்டும் விரலளவுக்கு ஒரு பட்டையைத் தொடாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். வெளிச்சம் இருள் கணக்கெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாக இருந்தது.

"இவ்ளோ வெயில் அடிக்குது, நீ ஏன் கண்ணு இருட்டாக்கிட்டே?" என்று கேட்டேன்.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கீழ எறங்கணும்ல மாமா" என்றாள், தூரிகையை அலசிக்கொண்டே.